கிறிஸ்மஸ் சாயந்திரம் வீட்டுல 25 பேருக்கு பஃபே: முன்னாடியே என்னென்ன செஞ்சு வச்சுக்கலாம்

டிசம்பர் 25 சாயந்திரம் வீட்டுக்கு ஆளுங்களைக் கூப்பிடுறவங்களுக்கு நேரம்தான் பெரிய பிரச்சனை, 24 ராத்திரி பூசைக்குப் போயிட்டு வீடு வந்து படுக்கவே ரெண்டு மணி ஆயிடும், சிஎஸ்ஐ கோயிலுக்குப் போறவங்கன்னா விடியக்காலை ஆராதனைக்கு இருட்டுலயே எழுந்திருக்கணும், அப்புறம் காலைல கேக்கும் பலகாரமும் தட்டுல வச்சு அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுக்கணும், இதுக்கு நடுவுல ராத்திரி ஏழு மணிக்கு வர்ற இருபத்தஞ்சு பேருக்கு அன்னிக்கே நின்னு சமைக்கிறதுன்னா உடம்பு தாங்காது. தாங்கினாலும், வந்தவங்க ஹால்ல உக்காந்து பேசிட்டு இருப்பாங்க, கூப்பிட்ட நீங்க மட்டும் அடுப்படியில வேர்த்து நிப்பீங்க, அதை நான் நிறைய வீட்டுல பார்த்துட்டேன், பார்க்கவே கஷ்டமா இருக்கும். ஏழு மணிக்கு நீங்களும் புதுத் துணி போட்டு ஹால்ல உக்காந்திருக்கணும், அதுக்கு ஏத்த மாதிரிதான் மெனுவே போடணும்.

நான் சொல்றது சென்னை மாதிரி ஊர்ல ஒரு சாதாரண ஃபிளாட்டுக்கு, மூணு பர்னர் அடுப்பு, ஒரு நடுத்தர சைஸ் ஃப்ரிட்ஜ், குழந்தைங்களோட சேர்த்து 25 பேர்.

மெனு எழுத உக்காரும்போது எல்லாரும் எது ருசியா இருக்கும்னு யோசிப்பாங்க. நீங்க இது ஒரு நாள் இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. மட்டன் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், காரக்குழம்பு, சென்னா, பிளம் கேக் இதெல்லாம் மறுநாள்தான் ருசியே. இட்லிப் பொடி, தக்காளித் தொக்கு, அச்சு முறுக்கு, கலகலா, மக்ரூன் இதெல்லாம் டப்பாவுல இருந்தா அப்படியே இருக்கும். தோசை, ஆப்பம், பூரி, பஜ்ஜி, மீன் வறுவல், தேங்காச் சட்னி இதெல்லாம் அடுப்புல இருந்து இறக்கினதும் சாப்பிட்டாத்தான் உண்டு, இந்தக் கடைசி வகையை மெனுவுல இருந்து மொத்தமா எடுத்துடுங்க. கிறிஸ்மஸுக்கு ஆப்பம் இல்லாமலான்னு வீட்டுல யாராவது கேப்பாங்க, கணக்குப் போட்டுக் காட்டுங்க, ஆளுக்கு ரெண்டுன்னா 50 ஆப்பம், ஒண்ணு வேக ரெண்டரை நிமிஷம்னா ஒரு சட்டியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கணும். ஆப்பத்தை காலைல வீட்டாளுங்களுக்கு மட்டும் சுட்டுக்கோங்க.

இன்னொண்ணு, கிறிஸ்மஸ் வர்றது மார்கழியில. கூப்பிடுற ஃபிரெண்ட்ஸ்ல சபரிமலைக்கு மாலை போட்டவங்க இருப்பாங்க, மண்டல பூஜை 26 இல்லன்னா 27-ம் தேதிதான் வரும், அதுவரைக்கும் அவங்க விரதத்துல இருப்பாங்க, மாலை போடலைன்னாலும் மார்கழி முழுக்க கறி மீன் தொடாதவங்களும் உண்டு. அதனால சைவத்தை ஓரமா ஒரு ஐட்டம்னு வைக்காம முழுச் சாப்பாடா வைக்கணும், ஒருத்தர் கறியே தொடாம வயிறு நிறைஞ்சு எழுந்திருக்கணும். பூண்டு வெங்காயம் சேர்க்காதவங்களுக்கு பொடி இட்லியும் தயிர் சாதமும் கண்டிப்பா இருக்கணும். சிலர் விரதத்துல வெளியில எதுவுமே சாப்பிட மாட்டாங்க, அவங்களை வற்புறுத்தாம ஒரு வாழைப்பழமும் பாலும் குடுங்க, வந்ததே சந்தோஷம்.

என் மெனு இது. வந்ததும் கொறிக்க அச்சு முறுக்கு, கலகலா, அதோட சுக்கு காபி. ஸ்டார்ட்டருக்கு சிக்கன் கட்லெட், பீட்ரூட் கட்லெட், புதினா மல்லி சட்னி. சாப்பாட்டுக்கு நெய்ச்சோறு, மட்டன் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், பொடி இட்லி, தயிர் சாதம், வெங்காயத் தயிர்ப் பச்சடி. இனிப்புக்கு கடல்பாசி புட்டிங், பிளம் கேக், தூத்துக்குடி மக்ரூன். இதுல கடைசி நேர வேலைன்னு பார்த்தா கட்லெட் பொரிக்கிறதும் நெய்ச்சோறு வைக்கிறதும்தான், மத்ததெல்லாம் சூடு பண்ணி எடுத்து வைக்கிறதோட முடிஞ்சிடும்.

பலகாரத்தை 18, 19 தேதியிலயே முடிச்சுடுங்க, பெரும்பாலும் அதை எல்லாரும் சேர்ந்து உக்காந்து பண்ற வழக்கம் இருக்கிறதால தனியா வேலையாவும் தெரியாது. நல்லா ஆறினப்புறம் எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடுங்க, டிசம்பர்ல சென்னையில மழை ஈரம் இருக்கும், டப்பாவை அடிக்கடி திறந்தா நமத்துடும், விருந்துக்குன்னு ஒரு டப்பா தனியா எடுத்து கண்ணுல படாத இடத்துல வச்சுடுங்க. மக்ரூனும் அப்படித்தான், அது முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் மட்டும்தான், ஈரக்காத்து பட்டா ஒட்ட ஆரம்பிச்சுடும், தட்டுல அடுக்குறது ஆளுங்க வந்தப்புறம்தான். கேக் கடையில வாங்குறதா இருந்தா டிசம்பர் ரெண்டாவது வாரமே சொல்லி வச்சுடுங்க, முட்டை போடாத கேக் ஒண்ணும் சேர்த்துச் சொல்லுங்க. இட்லிப் பொடியும் அந்த வாரமே அரைச்சுடலாம், உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாய், எள்ளு, பெருங்காயம், பூண்டு வேண்டாம்.

கட்லெட்டை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா முன்னாடியே செஞ்சு வைக்கிறதுக்கு இதைவிட நல்ல ஐட்டம் கிடையாது. 21-ம் தேதி வாக்குல ஒரு மத்தியானம் ஒதுக்குங்க. சிக்கன் கட்லெட்டுக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு, அரை கிலோ எலும்பில்லாத சிக்கன், கால் கிலோ வெங்காயம், இதுல 35, 40 கட்லெட் வரும். கிழங்கை தோலோட வேக வச்சு, தண்ணிய வடிச்சு, உரிச்சு, தட்டுல பரத்தி ஆவி போகவிட்டுதான் மசிக்கணும், கிழங்குல ஈரம் நின்னுச்சுன்னா கட்லெட் எண்ணெய்ல போட்டதும் பிரிஞ்சுடும். சிக்கனை மிளகு, உப்பு, இஞ்சி பூண்டு போட்டு வேக வச்சு தண்ணி சுத்தமா வத்தினப்புறம் உதிர்த்துக்கோங்க. வெங்காயம், பச்சமிளகாய், கறிவேப்பிலை, கரம் மசாலா வதக்கி எல்லாத்தையும் கலந்து வட்டமா தட்டி, முட்டையில முக்கி ரஸ்க் தூள்ல பிரட்டுங்க. பீட்ரூட் கட்லெட்டுக்கு பீட்ரூட், கேரட், பட்டாணி, கிழங்கு, அதுக்கு முட்டை வேண்டாம், மைதாவை தண்ணியில தோசை மாவு பதத்துக்குக் கரைச்சு அதுல முக்குங்க. சைவக் கட்லெட்டுக்கு நான் பீட்ரூட்டைச் சேர்க்கச் சொல்றதே நிறத்துக்காகத்தான், பிட்டுப் பார்த்தா செக்கச்செவேல்னு இருக்கும், போதாததுக்கு அதை நீள வடிவத்துல பிடிச்சுடுங்க, ஃப்ரீசர்லயோ தட்டுலயோ எது சைவம் எது அசைவம்னு யாருக்கும் குழப்பம் வராது.

பிரட்டின கட்லெட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ட்ரேல அடுக்கி ஃப்ரீசர்ல ரெண்டு மணி நேரம் வைங்க, கல்லு மாதிரி ஆனதும் ஜிப் லாக் கவர்ல மாத்துங்க, நேரா கவர்ல போட்டா ஒரே கட்டியா ஒட்டிக்கும். பொரிக்கிற அன்னிக்கு வெளியில எடுத்து இளக விடக்கூடாது, இளகினா ரஸ்க் தூள் ஈரமாகி உதிரும், ஃப்ரீசர்ல இருந்து எடுத்து நாலு நாலா மிதமான தீயில எண்ணெய்ல போடுங்க, தீ அதிகமா இருந்தா மேல கருகிடும் உள்ள ஜில்லுன்னு இருக்கும். முதல் கட்லெட்டைப் பிட்டு நடுவுல தொட்டுப் பாருங்க, நல்லா சூடா இருந்தா அதே தீயில மத்ததையும் போடலாம். சைவத்துக்கு தனி வாணலி, தனி எண்ணெய், தனி கரண்டி. ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஏழுக்குள்ள முடிஞ்சிடும், பொரிச்சதை கம்பி ஸ்டாண்டு மேல வைங்க, டிஷ்யூ போட்டு மூடி வச்சா ஆவியில நமத்துப் போகும். ஓவன் இருந்தா 100 டிகிரில திறந்த ட்ரேல வச்சா மொறுமொறுப்பு போகாம சூடா இருக்கும்.

22-ம் தேதி நெய்ச்சோறுக்கு வெங்காயத்தையும் முந்திரியையும் பொன்னிறமா வறுத்து டப்பாவுல போட்டு வைங்க. அன்னிக்கே ஃப்ரிட்ஜை காலி பண்ணுங்க, இதை யாரும் யோசிக்கிறதே இல்ல, எல்லாம் சமைச்சு முடிச்சுட்டு பாத்திரத்தை எங்க வைக்கிறதுன்னு முழிப்பாங்க. தண்ணி பாட்டில், பழைய ஊறுகாய், பாதி முடிஞ்ச சாஸ் எல்லாம் வெளியில போகட்டும், ரெண்டு தட்டு முழுசா காலியா இருக்கணும். பத்தலைன்னா பக்கத்து ஃபிளாட் அக்காகிட்ட ஒரு தட்டு கேளுங்க, கிறிஸ்மஸ் அன்னிக்கு இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.

கறியை 23-ம் தேதியே வாங்கிடுங்க, 24-ம் 25-ம் கறிக்கடையில கூட்டம் தாங்காது, நல்ல பீஸ் கேட்டு வாங்கவும் முடியாது. அசைவம் சாப்பிடுறவங்க பதினாறு பதினேழு பேர்னா எலும்போட ரெண்டரை கிலோ போதும், கட்லெட் இருக்கு, மத்த ஐட்டம் இருக்கு. 24 மத்தியானம் குழம்பு வைங்க, உங்க வீட்டு மசாலா எதுவோ அதையே போடுங்க, ஆனா தேங்கா அரைச்சு ஊத்துறதை மட்டும் நிறுத்தி வைங்க, தேங்கா சேர்த்தா சீக்கிரம் கெட்டுடும், 25 சாயந்திரம் சூடு பண்ணும்போது அரைச்சு ஊத்தி ஒரு கொதி விட்டா புதுசா வச்ச குழம்பு மாதிரியே மணக்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுக்கும்போது கொழுப்பு மேல வெள்ளையா உறைஞ்சு நிக்கும், பாதியை வழிச்சு எடுத்துடலாம், அன்னிக்கே வச்சு அன்னிக்கே பரிமாறினா இந்த வசதி கிடைக்காது. உப்பை 24 அன்னிக்கு அரைக் கரண்டி கம்மியா போடுங்க, சூடு பண்ணும்போது வத்தும்.

எண்ணெய்க் கத்தரிக்காயும் அதே நாள். சின்ன ஊதாக் கத்தரிக்காய் ஒன்றரை கிலோ, காம்பு விட்டு நாலா கீறி நல்லெண்ணெய்ல முதல்ல வதக்கி எடுத்து வச்சுக்கோங்க, புளியும் வறுத்து அரைச்ச வேர்க்கடலை எள்ளு மசாலாவும் கொதிச்சு எண்ணெய் பிரியிற நேரத்துல காயைப் போட்டு அஞ்சு நிமிஷத்துல இறக்கிடுங்க. முழுசா வெந்துச்சுன்னா மறுநாள் சூடு பண்ணும்போது கரைஞ்சு காணாம போயிடும். ராத்திரி முழுக்க புளிப்பும் காரமும் காயுக்குள்ள இறங்கி, கறி சாப்பிடுறவங்களும் இதைத்தான் ரெண்டாவது தடவை கேப்பாங்க.

ரொம்ப முக்கியமான விஷயம் ஆற வைக்கிறது. பெரிய குண்டான் குழம்பை அப்படியே மூடி அடுப்புமேடையில வச்சுட்டு பூசைக்குப் போகாதீங்க. சாப்பாடு 60 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், இல்லன்னா 5 டிகிரிக்குக் கீழ ஜில்லுன்னு இருக்கணும், நடுவுல இருக்கிற சூட்டுலதான் கிருமி வேகமா வளரும், பெரிய பாத்திரத்துல குழம்பு அந்த நடு சூட்டுலயே மணிக்கணக்கா நிக்கும். அகலமான ரெண்டு மூணு பாத்திரத்துல பிரிச்சு ஊத்தி, சிங்க்ல ஐஸ் தண்ணி நிரப்பி அதுல பாத்திரத்தை வச்சு அப்பப்ப கிளறி விட்டா அரை மணி நேரத்துல நல்லா ஆறிடும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். மறுநாள் எடுத்து வெதுவெதுப்பா ஆக்கினா பத்தாது, நடுவுல வரைக்கும் தளதளன்னு கொதிக்கணும். ஒரு தடவை சூடு பண்ணதை திரும்பத் திரும்ப ஆற விட்டு சூடு பண்ணாதீங்க.

சோறு விஷயத்துல இன்னும் கவனமா இருங்க, சோத்தை மட்டும் முதல் நாளே வைக்காதீங்க. அரிசியில இருக்கிற ஒரு வகை பாக்டீரியாவோட வித்து கொதியிலயும் சாகாது, சோறு வெளியில ஆறிக் கிடக்கும்போது அது வளர்ந்து விஷம் உண்டாக்கும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது. குழந்தைங்களும் வயசானவங்களும் சாப்பிடுற வீடு, இதுல சமாதானமே வேண்டாம்.

கடல்பாசி புட்டிங்கை 24 காலைலயே முடிச்சுடலாம். ஜெலட்டின்ல செய்யிற புட்டிங் நம்ம ஊர் வெக்கையில மேஜைல வச்ச கொஞ்ச நேரத்துல இளகி ஓடும், கடல்பாசி அறைச் சூட்டுலயே உறையும், உறைஞ்சதை திரும்பக் கரைக்கணும்னா 85 டிகிரி கிட்ட சூடு வேணும், அதனால பஃபே மேஜைல எவ்வளவு நேரம் இருந்தாலும் துண்டு துண்டா அப்படியே நிக்கும், மாலை போட்டவங்களும் சாப்பிடலாம். 30 கிராம் கடல்பாசியை தண்ணியில இருபது நிமிஷம் ஊற வச்சு, மூணு டம்ளர் தண்ணியில முழுசா கரையிற வரைக்கும் காய்ச்சி வடிகட்டுங்க, இன்னொரு பக்கம் ஒன்றரை லிட்டர் பாலை சர்க்கரையும் மில்க்மெய்டும் போட்டு கொதிக்க வைங்க. ரெண்டும் சூடா இருக்கும்போதே கலக்கணும், பால் ஆறியிருந்தா கடல்பாசி நூல் நூலா திரிஞ்சுடும். இளநீர் வழுக்கையை பொடியா நறுக்கிப் போட்டு ட்ரேல ஊத்தி ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வைங்க, கப் கப்பா ஊத்த வேண்டாம், பரிமாறும்போது சதுரமா வெட்டினா போதும், 25 கப் கழுவுற வேலை மிச்சம்.

இட்லி மாவை 24 விடியக்காலைலயே அரைச்சுடுங்க, டிசம்பர்ல புளிக்க நேரமாகும், ராத்திரி பூசைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பொங்கியிருந்தா ஃப்ரிட்ஜ்ல வைங்க. புதினா சட்னி தேங்கா இல்லாம எலுமிச்சை பிழிஞ்சு அரைச்சு அதுவும் உள்ள போகட்டும். பூசைக்குக் கிளம்பும்போது அடுப்படி துடைச்சு சுத்தமா இருக்கணும்.

25-ம் தேதி மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க, தூங்குங்க. ரெண்டரை மணிக்கு மினி இட்லி ஊத்துங்க, ஆளுக்கு ஆறுன்னா 150. நல்லா ஆறினப்புறம்தான் தட்டுல இருந்து எடுக்கணும், பொடியும் நல்லெண்ணெயும் போட்டு குலுக்கும்போது சூடா இருந்தா உடைஞ்சு உப்புமா ஆயிடும். புளிச்ச மாவு, எண்ணெய், பொடி, ரயில் பயணத்துக்குக் கட்டிட்டுப் போற இட்லிதானே, ராத்திரி வரைக்கும் ஒண்ணும் ஆகாது.

தயிர் சாதத்துக்கு 600 கிராம் பச்சரிசியைக் குழைய வேக வச்சு மசிச்சு, நாலு மணி வாக்குல ஒன்றரை லிட்டர் காய்ச்சி ஆறின பாலும் ரெண்டே ரெண்டு கரண்டி தயிரும் விட்டுப் பிசைஞ்சு வைங்க. முழுசா தயிரைக் கொட்டினா ராத்திரிக்குள்ள புளிச்சுடும், பால்ல பிசைஞ்சா எட்டு மணிக்கு இளந்தயிர் பதத்துல இருக்கும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டிடுங்க, மாதுளையும் திராட்சையும் மேஜைக்குப் போகும்போது.

நெய்ச்சோறு அஞ்சரை மணிக்கு, ஒன்றரை கிலோ சீரகச் சம்பா, ரெண்டு அஞ்சு லிட்டர் குக்கர்ல பாதி பாதியா வைங்க, ஒரே குக்கர்ல திணிச்சா அடி குழையும் மேல வேகாது. ஹாட்பாக்ஸ்ல கொதிக்கிற தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் வச்சு கொட்டிட்டு அப்புறம் சோறு போட்டா ஒன்பது மணி வரைக்கும் சூடு நிக்கும். மூணாவது பர்னர்ல அந்த நேரம் குழம்பு கொதிக்கட்டும், குக்கர் இறங்கினதும் அந்த ரெண்டு அடுப்பையும் கட்லெட் பிடிச்சுக்கும். பச்சடிக்கு வெங்காயம் நறுக்கித் தயாரா வச்சுட்டு, தயிரும் உப்பும் கடைசியா சேருங்க, முன்னாடியே உப்பு போட்டா தண்ணி விட்டுடும்.

குழம்பை சூடா வச்சிருக்க, அடியில சுடுதண்ணியும் சின்ன நெருப்பும் இருக்கிற சேஃபிங் டிஷ் ரெண்டு வாடகைப் பாத்திரக் கடையில எடுத்துக்கோங்க, மார்கழியில கல்யாணம் கம்மிங்கிறதால கிடைக்கிறது கஷ்டமா இருக்காது. அது சூட்டைத் தாங்கி வைக்கும், ஆறினதை சூடாக்காது, அதனால கொதிக்கக் கொதிக்கத்தான் அதுல ஊத்தணும். குழந்தைங்க கை எட்டுற ஓரத்துலயும் திரைச்சீலை பக்கத்துலயும் வைக்காதீங்க.

மேஜையை சுவத்துல இருந்து நகர்த்தி நடுவுல போட்டா ரெண்டு பக்கமும் ஆளுங்க நடக்கலாம், பாதி நேரத்துல எல்லாரும் எடுத்துடுவாங்க. முதல்ல தட்டு, அப்புறம் சைவம் முழுக்க, அப்புறம் அசைவம், கடைசியில ஸ்பூனும் டிஷ்யூவும், ஸ்பூனை முதல்லயே வச்சா ஒரு கையில தட்டு ஒரு கையில ஸ்பூன்னு எடுத்துப் போட முடியாம தவிப்பாங்க. கறிக் கரண்டி சைவப் பக்கம் போகாத மாதிரி நடுவுல கேக்கை வச்சு பிரிச்சுடுங்க. தண்ணியும் சுக்கு காபி ஃப்ளாஸ்க்கும் வேற மூலையில இருக்கட்டும், ஒரே இடத்துல எல்லாம் வச்சா கூட்டம் நகராது. தட்டுக்கு பாக்குமட்டை போதும், பிளாஸ்டிக் பூசின தட்டு, கப் எல்லாம் தமிழ்நாட்டுல 2019 ஜனவரியில இருந்தே தடை, பாக்குமட்டை குழம்பு ஊத்தினாலும் தொய்யாது. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் முன்னாடி ஒரு சீட்டுல பேர் எழுதி, முட்டை, முந்திரி, வேர்க்கடலை இருக்கிறதை அதுலயே குறிச்சு வைங்க, அலர்ஜி இருக்கிற குழந்தையோட அம்மா ஒவ்வொண்ணா வந்து கேக்க வேண்டியிருக்காது.

எல்லாத்தையும் ஒரே தடவையில மேஜைல கொட்டாதீங்க, பாதியை அடுப்படியில சூடாவே வச்சுட்டு தீரத் தீர எடுத்துட்டு வாங்க. அப்படிச் செஞ்சா மேஜைக்கு வராத குழம்பை அன்னிக்கு ராத்திரியே ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல எடுத்து வைக்கலாம், மறுநாள் இட்லிக்கு ஆகும். மேஜைல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்த தயிர் சாதம், பச்சடி, ஆறிப் போன கட்லெட் இதெல்லாம் எடுத்து வைக்க வேண்டாம். பொரிக்காம ஃப்ரீசர்ல மிஞ்சின கட்லெட் புத்தாண்டுக்கு வர்றவங்களுக்கு ஆச்சு.